சொல்லாது விட்ட வாக்கியம்

பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் எனக் கேட்டவுடன், அவன் இரவில் உண்கின்றான் என்று நாமே கூட்டிக் கொள்கின்றோம். இதனை அருத்தாபத்தி என்பர் தருக்க நூலார். மீமாஞ்சகர் அதனைத் தனி அளவையாக வைத்தனர்; நையாயிகர் அனுமானத்துள் அடக்கினர். மணிமேகலையிலும் இப்பெயர் வருகின்றது. ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களுள் தருக்கசங்கிரகமும் ஒன்றாதலின், யாழ்ப்பாணத்துக் கல்விக்கு இவ்வாராய்ச்சி அந்நியமன்று.

யான் அதனை உணர்ந்தது ஏட்டிலன்று, ஒரு திண்ணையில்.

1993 ஆம் ஆண்டு. ஆனையிறவுப் பாதை மூடுண்டு, சனங்கள் இரவிலே கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்த காலம். மின்சாரமில்லை, ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. பெரியம்மாவின் மகன் ஜெர்மனியில். அயல் வீட்டு மாமி சொன்னார்:

"பாசமிருந்தால் எட்டு மாதத்தில ஒரு கடிதம் போடமாட்டானோ? பிள்ளை மறந்திட்டான் அக்கா."

குறையற்ற வாதம் போலவே பட்டது. பெரியம்மா மறுமொழி சொல்லவில்லை. தாமும் எழுதுவதை அன்றோடு நிறுத்தினார்.

அந்த வாதம் சொல்லாது விட்ட எடுகோள் எது? "தபால் ஒருநாளும் தவறாது" என்பதன்று. அவ்வளவு பெரிய துணை அதற்கு வேண்டுவதில்லை. "எழுதியிருந்தால் எட்டு மாதத்துள் ஒன்றாவது வந்து சேர்ந்திருக்கும்" என்பதே வேண்டுவது. அதை மறுத்துப் பாருங்கள்: எழுதியும் ஒன்றும் வந்து சேரவில்லை என்க. உடனே "மறந்திட்டான்" என்ற முடிவு காலிழந்து விழுகின்றது. மறுத்தால் வாதம் விழுமாயின், அதுவே அவ்வாதத்துக்கு இன்றியமையாத எடுகோள்.

பாதையின் நிலையை அத்திண்ணையில் இருந்த எல்லோரும் அறிவோம். உப்பும் மண்ணெண்ணெயும் வராமைக்குப் பாதையையே காரணங் காட்டினோம். கடிதம் வராமைக்கு மட்டும் பிள்ளையின் மனத்தைக் காட்டினோம். நானும் தலையாட்டினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

சில வாரங்களின் பின் நான்கு கடிதங்கள் ஒருங்கே வந்தன. வாசித்துக் காட்டியவன் யானே. நான்காவதில் அண்ணன் எழுதியிருந்தார்: "அம்மா, உங்களிடமிருந்து ஒரு வரியுமில்லை. என்னோடு கோபமோ?"

பெரியம்மா எழுந்து உள்ளே போய்ப் பேனாவைத் தேடினார்.