நகரப் பயணத்தில் ஏமாறாமல் இருக்க: கெங்குவார்பட்டியிலிருந்து மதுரைக்கு

கெங்குவார்பட்டி, தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. கல்லூரிச் சேர்க்கை, மருத்துவமனை, ஜவுளி, கோயில் என எதற்கும் இவ்வூரார் போகும் பெருநகரம் மதுரை. அடிக்கடி போகிறவர்களுக்கு அது பழகிய ஊர். முதன்முறை தனியாகப் போகும் மாணவருக்கும் எப்போதாவது போகும் பெரியவருக்கும் அப்படியல்ல. விலை கேட்கவும் 'வேண்டாம்' என்று சொல்லவும் கூச்சப்படுகிறவரைத்தான் ஏமாற்றுவோர் பெரும்பாலும் குறிவைக்கிறார்கள்.

இறங்கும் இடம்

பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கமிருந்து வரும் பேருந்துகள் பொதுவாக ஆரப்பாளையம் நிலையத்துக்கு வருகின்றன. மீனாட்சி அம்மன் கோயில் அங்கிருந்து சுமார் 3 கி.மீ. ஆட்டோ ஓட்டுநர்களில் நேர்மையானவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் மதுரையில் மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோ அரிது. கட்டணம் பேச்சில்தான் முடிவாகும். ஏறும் முன்பே தொகையைப் பேசி, அது தலைக்கா, மொத்தத்துக்கா என்பதையும் கேட்டுவிட வேண்டும். 'ஆளுக்குத்தானே சொன்னேன்' என்று இறங்கும்போது வரும் தகராறு மிகப் பழையது. ஓலா, ரேபிடோ செயலியில் போகுமிடத்தைப் போட்டுப் பார்த்தால், அந்த வண்டியைப் பிடிக்காவிட்டாலும் பேரம் பேச ஒரு அளவுகோல் கிடைக்கும். நகரப் பேருந்தில் பெரியார் நிலையம் போய் அங்கிருந்து நடப்பது எனக்குப் பிடித்த வழி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை.

கோயிலைச் சுற்றி

சித்திரை வீதிகளில் நடக்கும்போது ஒருவர் கூடவே வந்து பேச்சுக் கொடுப்பார். 'எங்கள் கடை மாடியில் நின்றால் கோபுரங்கள் எல்லாம் தெரியும், காசு வேண்டாம், ஐந்து நிமிடம்தான்' என்பார். காட்சி உண்மையில் அழகாகவே இருக்கும். ஆனால் மாடியிலிருந்து இறங்கும் வழி கைவினைப் பொருள் கடைக்குள்தான் போகும். கம்பளமும் சிலையும் விரிக்கப்படும். அழைத்து வந்தவருக்குக் கடைக்காரர் தரும் தரகு அந்த விலையில் சேர்ந்திருக்கும். வெளிநாட்டினரிடம் அதிகம் நடப்பது இது. உள்ளூர்க்காரர் மறந்து போவதும் உண்டு. தேநீர் குடித்துவிட்டோமே என்பதற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. 'வேண்டாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடப்பது மரியாதைக் குறைவாகாது.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பின், அந்த ஆண்டு மார்ச் முதல் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதியில்லை. கைபேசியைக் கோயிலின் காப்பிடத்தில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கை நீட்டும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. நான்கு வாசல்களும் புதிதாக வருகிறவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் எந்த வாசலில் நுழைந்தோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பொது தரிசனம் இலவசம். சிறப்பு தரிசனச் சீட்டைக் கோயில் கவுன்டரில் மட்டும் வாங்கலாம். வரிசையைத் தாண்டி அழைத்துப் போகிறேன் என்பவருக்குப் பணம் தரத் தேவையில்லை. நண்பகலில் நடை சாத்துவதால் காலையிலேயே போய்விட்டால் அவசரமும் இல்லை, இடைத்தரகர் தேவையும் இல்லை.

கவனத்தைத் திருப்புதல்

சட்டையில் ஏதோ அழுக்கு என்று சொல்லித் துடைக்க வருவது, காலடியில் பத்து ரூபாய்த் தாள்களைப் போட்டுவிட்டு 'உங்கள் பணமா?' என்று கேட்பது, இவை பேருந்து நிலையங்களில் வழக்கமானவை. குனியும் நேரத்தில் பை போய்விடும். ஒருமுறை நான் அழைத்துச் சென்ற மாணவர்களில் ஒருவன் இப்படித்தான் பையை இழந்தான். திட்டுவார்கள் என்று பயந்து, திரும்பி வரும்போது நிலக்கோட்டை தாண்டிய பிறகுதான் சொன்னான். பணத்தைவிட அந்த இரண்டு மணி நேர மௌனம்தான் எனக்குப் பெரிய இழப்பாகப்பட்டது. கூட்டத்தில் போகும் பெண்கள் கழுத்துச் சங்கிலியைச் சேலையோடு ஊக்கு குத்திக்கொள்வது நல்ல பழக்கம்.

கைபேசி வழி மோசடி

இப்போது ஏமாற்று ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுகிறது. தேடுபொறியில் விடுதியின் பெயரைப் போட்டால் போலி இணையதளமும் போலி வாட்ஸ்அப் எண்ணும் வரக்கூடும். யாத்திரைத் தலங்களுக்கான முன்பதிவில் இத்தகைய மோசடி நடப்பதாக மத்திய உள்துறையின் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. முழுத் தொகையையும் முன்பணமாகத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். யுபிஐ ரகசிய எண் பணம் அனுப்பத்தான் தேவை. பணம் பெற அதைக் கேட்டால் அது மோசடி.

நடந்துவிட்டால்

இணையத்தில் பணம் போனால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, மோசடிக்காரர் எடுக்கும் முன் அந்தத் தொகையை வங்கியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். அவசர உதவிக்கு 112. ரயிலில் என்றால் 139. 'இது எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தர வழி செய்கிறது. கைபேசி திருடு போனால், புகார் நகலுடன் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதை முடக்கலாம். அதற்கு கைபேசியின் ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் அது திரையில் வரும். கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.