கேட்கும் விதத்தில் இருக்கிறது பதில்



“கவனிப்பு எப்படி இருந்தது?” என்று நோயாளியிடம் ஆஸ்பத்திரிகள் கேட்பது நல்ல வழக்கம். ஆனால் எந்த வழியில் கேட்கிறார்களோ, அதற்குத் தக்கபடி பதிலும் மாறும்.

லயத்து வாசலில் டிரெசரே வந்து நின்று, பக்கத்தில் மண்டோரும் நிற்க, “எல்லாம் நல்லா இருக்கா?” என்றால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? “நல்லா இருக்குங்க ஐயா!” நாளைக்கும் அந்தக் கையால்தானே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்!

இது நமக்கு மட்டும் உள்ள குணமல்ல. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் ஒரே கேள்விகளைச் சிலருக்குத் தபாலிலும் சிலருக்கு டெலிபோனிலும் கேட்டுப் பார்த்தார்கள். டெலிபோனில் பதில் சொன்னவர்களே ஆஸ்பத்திரியைக் கூடுதலாகப் பாராட்டினார்கள். அதனால், 2008இல் மதிப்பெண்களை ஊரறிய வெளியிடத் தொடங்கியபோது, கேட்ட வழிக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்தே வெளியிட்டார்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் பாரம் கொடுத்தால் போதுமா? போதாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் குறை பாரத்தில் ஏறாது. லெம்பா பெர்த்தாம் பக்கம் நம்மோடு வேலை செய்யும் நேப்பாளிக்கும் வங்காளதேசத்தாருக்கும் மலாய்ப் பாரம் புரியாமல் போகலாம். கைப்பேசியில் கேட்டால், வீட்டில் போன் யார் கையிலோ அவர் பதில்தான் போகும். பிரசவித்த மனைவியின் குறையைக் கணவர் சொல்வாரா?

ஒரு வழி போதாது என்பதால்தான், இந்தியாவில் 2016இல் தொடங்கிய ‘மேரா அஸ்பத்தால்’ திட்டத்தில் குறுஞ்செய்தி, டெலிபோன், கைப்பேசிச் செயலி, இணையதளம் என்று பல வழிகளை வைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பெயர் எழுதாத பாரமும் பூட்டிய பெட்டியும் கேளுங்கள்.

2. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக்காட்டுபவர் ஆஸ்பத்திரி ஆளாகவோ நிர்வாகத்து ஆளாகவோ இருக்கக் கூடாது. சங்கக் கமிட்டியினர் உதவலாம்.

3. பெண்களிடம் பெண்களே, தனியாகக் கேட்கட்டும்.

4. “நல்லது, கெட்டது” என்று நிறுத்தாதீர்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மருந்து சாப்பிடும் முறையைப் புரியும்படி சொன்னார்களா, மருந்து இல்லையென்று திருப்பி அனுப்பினார்களா என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

5. மருந்து வாங்கும் அவசரத்தில் சொல்வதைவிட, சில நாள் கழித்துச் சொன்னால் குணமானதா என்பதும் தெரியும்.

பயந்து “நல்லது” என்றால், அறிக்கையில் “குறை இல்லை” என்றுதான் ஏறும். குறை இல்லாத இடத்துக்குக் கூடுதல் மிஸ்ஸியை யார் அனுப்புவார்கள்? டிரெசராக வேலை பார்ப்பவன் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் குறை எங்களுக்கு அவமானமல்ல. மருந்து கேட்டு மேலிடத்துக்கு எழுத அதுதான் எங்களுக்கு ஆதாரம்.