பேப்பர் வரும்வரை கன்சல்டன்ட் யார்?

மார்ச் கடைசி வாரத்தில் சென்னை ஐடி நிறுவனங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பேப்பர் பின்னாடி வரும், நீங்க வேலையைப் பாருங்க." சொல்பவர் மேலாளர். கேட்பவர், சம்பளப் பட்டியலில் இல்லாத கன்சல்டன்ட். அவருடைய ஓராண்டு ஒப்பந்தம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புது பட்ஜெட்டுக்கு இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. நாலைந்து வருஷமாக நீட்டித்தவர்கள் இந்த முறையும் நீட்டிப்பார்கள் என்று நம்பி அவர் ஏப்ரலிலும் உழைக்கிறார்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் பிடிமானம் மிகக் குறைவு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டியிருந்தது. 1984-இல் வந்த திருத்தம், ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பே ஆகாது என்று விலக்கிவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுகள் தொகுப்பிலும் இதே விதியும் விலக்கும் தொடர்கின்றன. கன்சல்டன்ட்டோ 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவதே சிரமம். எத்தனை முறை புதுப்பித்தாலும் அடுத்த முறைக்கான உரிமை தானாகப் பிறப்பதில்லை.

ஆனால், பத்திரத்தில் போட்ட பெயரை மட்டும் வைத்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. கட்ச் ரண்ணில் உப்பு விளைவித்த அகரியாக்கள் வழக்கு 1956-இல் உச்ச நீதிமன்றம் வந்தது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுத்த உப்பின் அளவுக்குத்தான் கூலி. உதவிக்கு ஆளும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும், வேலை நடக்கும் முறையை நிறுவனம் தொடர்ந்து மேற்பார்வையிட்டதால் அவர்கள் தொழிலாளர்களே என்ற தீர்ப்பு நிலைத்தது. தினமும் அலுவலக நேரத்துக்கு வந்து, மேலாளரிடம் லீவு கேட்டு, நிறுவனத்தின் லேப்டாப்பில் வேலை செய்பவரை 'சுயதொழில் செய்பவர்' என்று எழுதி வைப்பது நேர்மையாகாது என்பதே என் கருத்து. ஆனால், தொழிலாளிதான் என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டும். வழக்குப் போட்டவரை அதே நிறுவனம் மறுபடி கூப்பிடாது.

ஆகவே, கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியது ஒப்பந்தக் காலத்தை அல்ல, முறித்துக்கொள்ளும் பிரிவை. காரணம் சொல்லாமல் 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தால், 12 மாத ஒப்பந்தம் தருவது 30 நாள் பாதுகாப்பைத்தான். அதை 60 ஆக்கித் தரும்படியும், புதுப்பிக்கும் எண்ணம் உண்டா இல்லையா என்பதை 45 நாள் முன்பே எழுத்தில் சொல்லும்படியும் கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அந்தப் பயம் புரிகிறது. ஆனாலும் கேளுங்கள்.

ஏப்ரல் மாத வேலைக்கு வருவோம். பர்ச்சேஸ் ஆர்டரின் தேதி முடிந்திருந்தால் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 70-ஆவது பிரிவு. அதற்குச் சான்று வேண்டுமே! "பழைய கட்டணத்திலேயே ஏப்ரல் 1 முதல் தொடரச் சொன்னீர்கள், தொடர்கிறேன்" என்று அன்றைக்கே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். வாய்ப்பேச்சு எழுத்தாகிவிடும்.

இன்னொரு கவசமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு சேவையாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பதிவுக்குக் கட்டணமில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன்பே பதிந்துகொள்வது நல்லது. பின்னால் பதிந்துகொண்டு பழைய பாக்கிக்கு இச்சட்டத்தின் பலனைக் கோர முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.