சிலம்படியில் தளர்வும் விசையும்

தமிழகத்தில் சிலம்பம் என்றும் இலங்கையின் மலையகத்திலும் கிழக்கிலும் சிலம்படி என்றும் வழங்கும் கலையில், ஏறத்தாழ ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் அல்லது பிரம்புக் கம்பைக் கொண்டு வீச்சும் தடுப்பும் பயிலப்படுகின்றன. புதிதாகக் கம்பெடுப்பவர் அதை இறுகப் பற்றி, தோளை உயர்த்தி, முழுப் பலத்தோடு சுழற்ற முயல்வது வழமை. அந்த இறுக்கமே வீச்சின் வேகத்தைக் கெடுக்கிறது என்பதற்கான காரணம் தசைகளின் அமைப்பில் உள்ளது.

முழங்கை நீளும்போது மேற்கையின் பின்புறத்து முத்தலைத்தசை சுருங்க, முன்புறத்து இருதலைத்தசை தளர்ந்து வழிவிட வேண்டும். ஒன்றுக்கொன்று எதிராக இயங்கும் இவ்விரண்டும் பதற்றத்தில் ஒருங்கே சுருங்குவது இணைச்சுருக்கம் எனப்படும். அப்போது மூட்டு விறைத்து, ஒரு தசையின் விசையை மற்றது தடுப்பதால், ஆற்றல் வீணாகிக் கை மெதுவாகவே நகர்கிறது.

மேலும், வீச்சின் விசை கையில் பிறப்பதன்று. முழங்காலைச் சற்று மடக்கி நிற்பவர் தரையை உந்தும்போது எழும் விசை இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என வரிசையாக ஏறி, ஒவ்வொரு மூட்டிலும் வேகம் கூடப்பெற்றுக் கம்பை அடைகிறது. இடையில் ஒரு மூட்டு விறைத்திருந்தாலும் அவ்வோட்டம் அங்கே தடைப்படும். பிடியிலிருந்து ஒரு மீற்றர் நீண்டிருக்கும் கம்பு செக்கனுக்கு இருமுறை சுழன்றால், அதன் நுனி மணிக்கு சுமார் 45 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் என்பதால், மணிக்கட்டின் சிறு திருப்பமே பெரும் வேகமாக மாறிவிடுகிறது. காலடி எனப்படும் அடிவைப்பு முறைகளுக்குப் பயிற்சியில் முதன்மை தரப்படுவதும் விசையின் தொடக்கம் தரையில் இருப்பதாலேயே.

ஆயினும் தளர்வு என்பது துவண்டிருத்தல் அன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் மெக்கில் குழுவினர், கலப்புத் தற்காப்புக் கலையில் தேர்ந்த வீரர்களின் தசை மின்னலைகளைப் பதிவுசெய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அடி புறப்படும்போது தசைகள் ஒருமுறை சுருங்கி, கையோ காலோ விரையும்போது தளர்ந்து, இலக்கைத் தொடும் கணத்தில் மீண்டும் சுருங்குவதைக் காட்டினர். முதற் சுருக்கம் இயக்கத்தைத் தொடங்குகிறது. இடைத்தளர்வு வேகத்துக்கு இடமளிக்கிறது. இறுதிச் சுருக்கம் உடலை ஒரே திண்மையாக்கி அதன் எடையை அடியில் சேர்க்கிறது. ஆகவே கம்பை நிதானமாகச் சுழற்றிப் பலமுறை பழகுவதால் கிடைப்பது கைவலிமை மட்டுமன்று. எந்தத் தசையை எப்போது இறுக்குவது, எப்போது விடுவது என்று நரம்புகள் கற்கும் காலக்கணிப்பே அதன் முதன்மைப் பயன்.