பருந்தின் இறகு சொல்லும் வயது

வானில் வட்டமிடும் பறவையைக் காட்டி மாணவர் பெயர் கேட்டால், "பருந்து" என்று சொல்லிவிடுகிறோம். சத்தியமங்கலம் வட்டாரத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறிய இறகின் நிறமும் கோடுகளும் உதவும். ஆனால் நாம் காட்டும் படங்களில் பெரும்பாலும் இருப்பது முதிர்ந்த பறவைதான். இளம் பறவையின் கோலம் வேறு. இதை அறியாவிட்டால், கண்டதைக் கண்டபடி வரைந்த மாணவரின் படத்தையும் தவறெனத் திருத்திவிடுவோம்.

வைரி

புறா அளவுள்ள இப்பறவையைத் தோப்புகளிலும் ஊர் மரங்களிலும் காணலாம். முதிர்ந்த வைரியின் முதுகு சாம்பல் நிறம். மார்பில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக இருக்கும். ஆணின் கண் சிவப்பு. இளம் வைரிக்கோ முதுகு பழுப்பு. மார்பில் மேலிருந்து கீழாக நெடுக்குக் கோடுகள். தொண்டையின் நடுவே ஓடும் கருங்கோட்டையும் கவனிக்க வேண்டும்.

அக்காக்குயிலின் நிறமும் வால் பட்டைகளும் வைரியைப் போலவே இருக்கும். அதன் இளம் பறவைகூட இளம் வைரியை ஒத்திருக்கும். இங்கே அலகே அடையாளம்: வைரியின் அலகு கொக்கிபோல் வளைந்தது, குயிலின் அலகில் அந்தக் கொக்கி இல்லை. உயர்நிலை வகுப்பில் ஒப்புருமை பற்றிக் கற்பிக்க இது நல்ல உள்ளூர் எடுத்துக்காட்டு.

மூன்று பருந்துகள்

பவானிசாகர் போன்ற நீர்நிலைகளின் அருகே செம்பருந்தைக் காணலாம். வெண்மையான தலையும் மார்பும், செங்கல் நிறச் சிறகுகளும் உடையது. அதன் இளம் பறவை பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து எனத் தோன்றும். அப்போது வாலைப் பார்க்க வேண்டும்: செம்பருந்தின் வால்நுனி வளைவானது, கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டது. கரும்பருந்து வாலை முழுதும் விரித்தால் பிளவு மறையும் என்பதால் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். வயல்வெளியில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வெண்சாம்பல் பறவை கருந்தோள் பருந்து. தோளில் உள்ள கரும்பட்டையே அதன் பெயருக்குக் காரணம்.

பாறு

2013-இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலக் காட்டை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. அகன்ற சிறகும் குட்டை வாலும் உடைய பெரும்பறவை இது. முதிர்ந்த பாறு பறக்கும்போது சிறகின் அடியில் முன்பகுதி வெண்மையாகவும் பின்பகுதி கருமையாகவும் தெரியும். இளம் பாறுக்கு முதுகிலும் அந்த வெண்மை இருக்காது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் இந்தியாவில் இவ்வினத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. இளம் பாறுகளைக் காண்பது இனப்பெருக்கம் நடப்பதற்கான சான்று. அதைப் "பருந்து" என எழுதிவிட்டால் அச்சான்று பதிவாகாமல் போகும்.

வகுப்பறைச் செயல்பாடு

பெயரைக் கேட்கும் முன் நான்கு வினாக்களுக்கு மாணவர்கள் குறிப்பேட்டில் விடை எழுதட்டும்.

1. காகத்தைவிடப் பெரியதா, சிறியதா?
2. வால்நுனி பிளவா, வளைவா, நேரா?
3. மார்பில் குறுக்குக் கோடா, நெடுக்குக் கோடா?
4. சிறகின் அடிப்பகுதியில் எங்கே வெண்மை, எங்கே கருமை?

தொடக்க வகுப்பினர் முதல் இரண்டு வினாக்களோடு நிறுத்தலாம். பெயர் தெரியாதபோது "இளம் பறவையாக இருக்கலாம்" என எழுதுவதும் ஏற்கத்தக்க விடையே. பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்கள் பங்கேற்கும்போது இப்பழக்கம் கைகொடுக்கும்.