கொடுவாவுக்குத் தூண்டில் போடப் போறீங்களா? முதல்ல 'ஜாக்கெட்' மாட்டுங்க!

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் விடியவில்லை. ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. பின் சீட்டில் ஒரு நீளப் பை. முன்னால் டிபன் பாக்ஸ். எங்கே இவ்வளவு அவசரம்? எண்ணூர் முகத்துவாரத்துக்கு! இல்லாவிட்டால் முட்டுக்காட்டுக்கு! எல்லாம் கொடுவாவுக்காகத்தான்.

வாரத்தில் ஆறு நாள் பேரேட்டோடும் கல்லாப்பெட்டியோடும் மாரடிப்பவர்களுக்கு ஏழாம் நாள் தூண்டில் ஒரு மருந்து. ஆனால் ஆயிரக்கணக்கில் கொட்டி ராடும் ரீலும் வாங்குபவர்களில் பலர், உயிரைக் காக்கும் 'லைஃப் ஜாக்கெட்' விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். அதனால்தான் இந்த யோசனைகள். மீனும் கிடைக்க வேண்டும். ஆளும் வீடு திரும்ப வேண்டும்!

ஆணாகப் பிறந்து பெண்ணாகும் மீன்!

கொடுவா லேசுப்பட்ட மீன் அல்ல. வங்காளத்தில் இதைத்தான் 'பெக்டி' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 'பாராமுண்டி'. 60 கிலோ வரை வளரும். கடலோரம் முட்டையிடும். குஞ்சுகள் உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் வந்து வளரும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வெற்றி கண்டது.

இன்னொரு அதிசயம் கேளுங்க. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்ச்சி அடையும். சில வருஷம் கழித்து, பெரிதானதும் பெண்ணாக மாறும்! ஆக, உங்கள் தூண்டிலில் மாட்டும் ராட்சசக் கொடுவா அநேகமாக ஒரு தாய். போட்டோ எடுத்துக்கொண்டு அதைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். குஞ்சையும் விட்டுவிடுங்கள். குழம்புக்கு நடுத்தர மீன் போதும்.

அமெரிக்கப் படம் இங்கே ஓடாது

செல்போனில் அமெரிக்காக்காரர் 'பாஸ்' மீன் பிடிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி சாமான் கேட்கிறார்கள். அது ஏரி மீன். அங்கே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. நம் கொடுவாவோ கடல் தண்ணீரின் போக்கைப் பார்த்து இரை தேடும் மீன். தண்ணீர் ஓடாமல் நின்றால் கொடுவாவும் சும்மா நிற்கும். நீங்களும் சும்மா நிற்க வேண்டியதுதான்!

கடையில் என்ன வாங்குவது?

ராடு: ஏழு அடி நீளம், நடுத்தர பலம். கரைக்கும் படகுக்கும் ஒன்றே போதும்.

நரம்பு: 20 பவுண்டு பின்னல் நூல் ரீலில் இருக்கட்டும். அதன் நுனியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு தங்கூஸ் கட்டுங்கள். ஏன் தெரியுமா? கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. துள்ளித் தலையை உதறினால் மெல்லிய நூல் 'டப்'பென்று அறுந்துவிடும்.

முடிச்சு: இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரப்படுத்துங்கள். காய்ந்த தங்கூஸ் உரசும்போது சூடாகி பலம் இழந்துவிடும். நல்ல மீன் கோட்டைவிடுவது பாதி நேரம் இதனால்தான்.

பிரேக்: ரீலில் உள்ள 'டிராக்' திருகை முழுக்க முறுக்காதீர்கள். வீட்டில் கொக்கித் தராசு இருந்தால் நரம்பை அதில் மாட்டி இழுங்கள். இரண்டு கிலோ, இரண்டரை கிலோ காட்டும்போது நரம்பு ஓட ஆரம்பித்தால் சரியான அளவு.

இரை: உயிரோடு இருக்கும் இறாலுக்கு ஈடு கிடையாது. சின்ன மடவையும் ஓகே. தக்கைக்குக் கீழே மூன்று அடியில் மிதக்க விடுங்கள். உயிர் இரைக்கு வளைந்து உள்நோக்கிய வட்ட முள் நல்லது. அது வயிற்றுக்குள் போகாமல் வாயோரம் மாட்டும். விட நினைத்த மீன் பிழைக்கும். வட்ட முள்ளுக்கு 'வெடுக்' என்று வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு விறைக்கட்டும், நிதானமாகச் சுற்றுங்கள்.

பொம்மை மீன் போடுபவர்கள் அதை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டாம். இழு... நிறுத்து... இழு! கொடுவா அடிப்பது பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான்.

எங்கே? எப்போது?

பாலத்துத் தூண், மதகு, சின்னக் கால்வாய் வந்து சேரும் வாய், முங்கிக் கிடக்கும் மரம். இங்கெல்லாம் கொடுவா நிழலில் பதுங்கி நிற்கும். ஓட்டம் கொண்டுவரும் இரையை 'லபக்'கென்று விழுங்கும். நடுத்தண்ணீரில் வீசி வீசிக் கை வலிப்பதைவிட, தூணுக்குப் பக்கத்தில் பத்து முறை வீசுவது மேல்.

விடியற்காலையும் அந்தியும் ராசியான நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் அதிகம். ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை சுமார் 6-50 மணிக்கு. தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும்.

அங்கேதான் ஆபத்து!

தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரம் மீன் நன்றாகக் கடிக்கும். அதே நேரத்தில்தான் உப்பங்கழித் தண்ணீர் முழுவதும் குறுகலான முகத்துவாரம் வழியே கடலுக்கு ஓடும். அலை ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். போன வாரம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த வாரம் ஆளை முக்கும். மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். "எனக்கு நீச்சல் தெரியுமே!" என்ற தைரியம் அங்கே செல்லாது.

அதனால் முகத்துவாரத்தில் இடுப்புத் தண்ணீரில் இறங்கித் தூண்டில் போடவே போடாதீர்கள். கரை ஓரத்தில் நடந்தாலும் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். அடியில் திருக்கை படுத்திருந்தால் விலகி ஓடிவிடும்.

படகில் ஏறினால்...

* ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, வார் எல்லாம் இறுக்குங்கள். பலகைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட், தலைக்கு வைத்த ஜாக்கெட் எல்லாம் கவிழும் நேரத்தில் கைக்கு வராது. பையனைக் கூட்டிப் போனால் அவன் எடைக்கு ஏற்ற ஜாக்கெட் வேண்டும். அப்பாவுடையதை மாட்டினால் நழுவிவிடும்.

* நங்கூரத்தை முன்பக்கத்தில், அதாவது அணியத்தில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் ஓட்டத்தில் பின்புறம் அமுங்கித் தண்ணீர் ஏறும். கயிறு, ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர் கயிறு. அவசரத்துக்கு அறுக்க ஒரு கத்தி.

* மோட்டார் படகில், எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு இருந்தால் ஓட்டுபவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

* ஒரு துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, விசில், டார்ச், குடிநீர். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள்.

* மீன் மாட்டியதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள். சின்னப் படகு கவிழ அது ஒன்றே போதும்.

* கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகாதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், லீவாவது மண்ணாவது! வீட்டிலேயே இருங்கள்.

மாட்டியது... அப்புறம்?

செவுளுக்குள் விரலை விடாதீர்கள், கிழித்துவிடும். ஈரத்துணியால் பிடித்து, முள்ளைக் குறடால் கழற்றுங்கள். கெளுத்தி குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள். வலி அடங்கும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சாக்கடை கலக்கும் இடத்திலும், எண்ணெய் மிதக்கும் இடத்திலும் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் கலந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

அந்தக் கழியை நம்பித்தான் மீனவர் வீட்டில் உலை கொதிக்கிறது. பழவேற்காட்டில் முறைவைத்து வலை போடும் 'பாடு' வழக்கமே உண்டு. வலை கட்டியிருக்கும் இடத்தில் தூண்டில் வீசாதீர்கள். "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்றைக்கு ஓட்டம் எப்படி, மணல் எங்கே அரித்திருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் "வேணாம் தம்பி, இன்னிக்கு இறங்காதே" என்றால் அப்பீலே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். உப்பு அடுத்த வாரமே அரிக்க ஆரம்பித்துவிடும். ஜாக்கெட்டையும் அலசிக் கொடியில் போடுங்கள்.

பையில் மீன் இல்லையா? பரவாயில்லை. மார்க்கெட்டில் கொடுவா கிடைக்கும். வாசலில் காத்திருக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் உங்களுக்குப் பதிலாக வாங்கித் தர எந்த மார்க்கெட்டிலும் ஆள் கிடையாது!