பிள்ளைகள் பணத்துக்கு யார் காவல்?

சென்ற மாதம் ஒரு மாலை நேரம். பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் அம்மா ஒருவர் வாசலில் வந்து நின்றார். கணவர் காலமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"வாத்தியாரய்யா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. நாளைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்றாங்க."

கணவரின் காப்புறுதிப் பணத்தைப் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை 'டிரஸ்ட் கம்பெனி' மூலம் காப்பதாக ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அழகான தலைப்பும் பெரிய முத்திரையும் இருந்தன. பதிவு எண்ணை மட்டும் காணோம்.

"இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீங்கம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒருவருடைய சொத்தை இன்னொருவரின் நன்மைக்காகக் காத்து நிர்வகிப்பவர் அறங்காவலர். நம் நாட்டில் 18 வயது நிறையாத பிள்ளை சட்டப்படி சிறார். ஆகவே அந்தப் பணத்துக்கு ஒரு காவல் வேண்டும். நம்பிக்கையான மாமனோ சித்தப்பாவோ அந்தப் பொறுப்பை ஏற்கத் தடையில்லை. ஆனால் மனிதருக்கு நோயும் சாவும் உண்டு. கம்பெனிக்கு அது இல்லை. அதனால்தான் டிரஸ்ட் கம்பெனி என்ற ஏற்பாடு வந்தது.

ஊரார் பணத்தைக் கையாளும் தொழில் என்பதால் சட்டம் இதைக் கண்டிப்போடு கவனிக்கிறது. 1949ஆம் ஆண்டின் டிரஸ்ட் கம்பெனிகள் சட்டப்படி, பொது கம்பெனியாக அமைந்த ஒன்றுதான் இதற்குப் பதிவு கேட்க முடியும். பதிவு செய்வது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். ஓர் அறையும் ஒரு பெயர்ப் பலகையும் போதாது.

நடத்துகிறவர்களுக்கும் வரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, திவாலாகி இன்னும் விடுபடாதவர் உரிய அனுமதியின்றி இயக்குநராக இருக்க முடியாது. மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவருக்கும் தடை உண்டு. பொது கம்பெனியின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கையாளர் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு எஸ்.எஸ்.எம்.மிடம் போய்ச் சேர வேண்டும். கட்டணம் கட்டினால் கம்பெனியின் விவரத்தை நீங்களும் நானும் வாங்கிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. காவலுக்குக் கொடுத்த பணம் கம்பெனியின் பணம் ஆகாது. அதைத் தன் பணத்தோடு கலக்கக் கூடாது. தன் இலாபத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. கம்பெனி நொடித்துப் போனாலும், தனியாக வைத்த அந்தப் பணத்தில் அதன் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்பதையும் 1949ஆம் ஆண்டின் அறங்காவலர் சட்டமே வரையறுக்கிறது. அறங்காவலர் தவறு செய்தால், அவரை நீக்கி வேறொருவரை நியமிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தனியார் கம்பெனிமேல் மனம் ஒப்பாதவர்களுக்கு அமானா ராயா இருக்கிறது. 1921இல் அரசாங்க இலாகாவாகத் தொடங்கிய அது, 1995இல் அரசாங்கத்துக்கே சொந்தமான கம்பெனியாக மாறியது. அங்கும் கட்டணம் உண்டு. ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? கையெழுத்து வைக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதிவு எண் என்ன? பணம் எந்தக் கணக்கில், யார் பெயரில் இருக்கும்? ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் பிடிப்பீர்கள்? கணக்கை எனக்கு எப்போது காட்டுவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். கேட்பதால் நட்டமில்லை. கேட்காமல் விட்டால் பிள்ளைகளின் படிப்பே போய்விடும்.

அந்த அம்மா மறுநாள் பதிவு எண்ணைக் கேட்டாராம். எடுத்து வருவதாகச் சொல்லிப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.